இரண்டு சீட்டு, ஒரே குளிகை

அமரவிளை மருந்துக்கடை ஸ்டெல்லா அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் பிரின்சி போனில் சொன்னபோது, நான் வெறும் வயிற்றில் போடும் காலைக் குளிகையை அப்போதுதான் விழுங்கியிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்தது அழுகை அல்ல, பயம். நெஞ்செரிச்சலுக்கு நான் விழுங்கும் அதே குளிகையை அக்காவும் பல வருடமாக விழுங்கி வந்தார். அதுதான் கொண்டுபோயிற்றா? அப்படியென்றால் அடுத்தது நானா? செத்தவருக்காக அழாமல் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தவன் என்று நீங்கள் என்னை ஏசலாம். அக்காவும் ஏசியிருப்பார்.

அவரை உங்களில் பலருக்கும் தெரியும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டாக்டர் சீட்டை வாங்கியதும் மருந்தை எடுக்காமல் "இது எதுக்கு தந்தாரு?" என்று கேட்பாரே, அவரேதான். பதில் தெரியாதவருக்கு மருந்து கிடைக்க நேரமாகும். அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனதும் உண்டு.

நான் பாறசாலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதிப் பிழைக்கிறவன். அடுத்தவர் நிலத்தின் நாலு எல்லையையும் ஓர் எழுத்து விடாமல் பார்ப்பேன். என் குளிகை அட்டையை மட்டும் ஒருநாளும் வாசித்ததில்லை. நம் ஊர் வழக்கப்படி இங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். குணம் போதாது என்று தோன்றியதும் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் அங்கேயும் ஒருவரைப் பார்த்தேன். ஒருவரிடம் போனதை மற்றவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று நாமே முடிவுகட்டிக்கொள்வோமே, அதுதான். இருவரும் ஆளுக்கொரு குளிகை எழுதினார்கள். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. எட்டு மாதம் இரண்டையும் விழுங்கினேன்.

ஒருநாள் அங்கே வாங்கிய குளிகை தீர்ந்துபோக, காலி அட்டையை அக்காவிடம் நீட்டினேன்.

"எலே, நேத்து நீ வாங்கினதும் இதாக்கும்" என்றார்.

"அது மஞ்சளு, இது சிவப்பு" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் ஒரே மருந்து.

"மக்கா, கேரளத்துக்கு ஒண்ணு, தமிழ்நாட்டுக்கு ஒண்ணுன்னு உனக்கு ரெண்டு வயிறு உண்டா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினார். டாக்டர் ஒன்றை நிறுத்தினார்.

அதோடு விட்டேனா? இந்தக் குளிகை சிறுநீரகத்தை அழிக்கும், எலும்பைப் பொடியாக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பி, மிச்சமிருந்ததையும் ஒரே நாளில் நிறுத்தினேன். சில நாளில் நெஞ்சு தீயாக எரிந்தது. கடைக்கு ஓடினேன். "நெஞ்சுவேதனைன்னா இங்கயா வருவ? ஏறுலே" என்று அக்கா என்னை ஆட்டோவில் தள்ளி, ஆஸ்பத்திரிக்குத் தானும் கூட வந்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை. பல மாதம் போட்ட குளிகையைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்குவது உண்டு என்று டாக்டர் சொன்னார். ரத்தமும் பார்த்தார், சிறுநீரகம் நன்றாக இருந்தது. எனக்குப் போதுமான குறைந்த அளவை எழுதித் தந்தார். திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "குளிகை பேயுமில்ல, மிட்டாயுமில்ல. எதுக்கு, எத்தனை நாளுன்னு கேட்டுத் தின்னணும். அம்பிடுதான்."

இத்தனையும் தெரிந்தவன்தான் அன்று காலை பயந்தபடி காரோடு என்ற ஊருக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உறவுக்காரர் ஒருவர், "எப்பவும் அந்த கேஸ் குளிகைய தின்னுவா. அதாக்கும் ஆளைக் கொண்டுபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரின்சி அழுது சிவந்த கண்ணோடு நிமிர்ந்தாள்.

"இல்ல மாமா. அம்மைக்கு பழைய ஹார்ட் சூக்கேடு, அதாக்கும் காரணம். ரத்தம் உறையாம இருக்க மருந்து தின்னதுல முன்ன ஒருக்கா வயித்துல ரத்தம் போச்சு. இந்தக் குளிகை தொடங்கின பெறவு போகல்ல. இன்னும் வேணுமான்னு டாக்டரு வருசாவருசம் பாத்து எழுதினதாக்கும். அது அம்மைய காத்துது."

எனக்கு மூச்சு வந்தது. அதன் பின்னால் அழுகையும் வந்தது. காலையிலேயே வந்திருக்க வேண்டிய அழுகை, நன்றாக அழுதேன்.

அவர் எனக்குத் தந்ததில் ஒரு மருந்துக் கவர் மிச்சமிருக்கிறது. நான் போடும் எல்லா மருந்தின் பெயரையும், அந்தச் சின்ன எழுத்துப் பெயரை, எது எதற்கு என்று அவர் கையால் எழுதித் தந்தது. எல்லைக்கு எந்தப் பக்கம் போனாலும் அது என் சட்டைப்பையில் இருக்கும். அடக்கம் முடிந்த மறுவாரம் டாக்டரிடம் அதை நீட்டினேன். படித்துவிட்டு, எரிச்சல் இல்லாததால் இனி மெல்ல மெல்ல நிறுத்திப் பார்க்கலாம் என்றார். பிறகு கவரைத் திருப்பிப் பார்த்து, "கொள்ளாமே, நல்லா இருக்கே, இது யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"எனக்க அக்காவாக்கும்" என்றேன்.