அக்காவுக்கு ஒரு மக்கிய மரக் கிண்ணம்

என் அக்கா வீட்டுக்காரர் மரம் கடைபவர். நல்ல மரத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். எங்காவது விழுந்து, மழையில் ஊறி, பூஞ்சை பிடித்துக் கிடக்கிற கட்டை என்றால் போதும், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுவார். தெருவில் அவருக்குக் காளான் என்று பெயர். நான் மாமா என்பேன், அதுவும் அக்கா முகத்துக்காக.

அந்தக் கட்டைகளைக் கொல்லைப்புறத்தில் அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்தி, தினமும் தண்ணீர் தெளிப்பார்.

"எனக்கு ஜுரம் வந்தப்பகூட இந்த மனுஷன் இப்படிப் போத்திவிட்டதில்லடீ" என்பாள் அக்கா.

மாமாவுக்குக் கோபமே வராது. "உள்ள ஒரு பூஞ்சை இந்தப் பக்கமிருந்து தின்னுக்கிட்டு வரும், இன்னொண்ணு அந்தப் பக்கமிருந்து வரும். சந்திக்கிற எடத்துல, இதுக்கு மேல வராதேன்னு கறுப்பா வேலி போட்டுக்கும்" என்பார். அறுத்தால் மையால் வரைந்ததுபோல் கோடுகள் நெளியும். அவசரப்பட்டு அறுத்தால் கோடு இருக்காது. விட்டுவிட்டால் கட்டையே தூளாகிவிடும். அக்கா கொட்டாவி விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரு கிண்ணம்கூட அவள் கேட்டதில்லை.

கண் டாக்டர், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், திரும்பாது என்று சொன்ன பிறகுதான் கேட்டாள். குழாயடிக்கு நிழல் தந்த மாமரம் அப்போதுதான் காற்றில் சாய்ந்திருந்தது.

"இதுல எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க. கண்ணு இருக்கறப்பவே பாத்துடறேன்."

பாவி மனுஷன், என்ன செய்வார்! பூஞ்சையை அவசரப்படுத்த முடியுமா? சாக்கை விலக்குவார், கட்டையில் நகத்தை அழுத்திப் பார்ப்பார், மறுபடி மூடுவார். உள்ளே அக்கா காபி டம்ளரைத் தடவித் தேட ஆரம்பித்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோடும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வெறும் மரத்துலயே கடைஞ்சு குடுத்துத் தொலைங்களேன் மாமா!"

"அவ கேட்டது அதில்லையேம்மா" என்றார்.

கட்டை பக்குவமாகி, அறுத்து, நிழலில் உலர்த்தி, கடைசல் இயந்திரத்தில் ஏற்றும்போது அக்காவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. உப்புத்தாளை எப்போதும் மரத்துண்டில் சுற்றித்தான் மாமா தேய்ப்பார். அப்போதுதான் மேடுபள்ளமில்லாமல் வரும். அன்று இருந்த அவசரத்தில் வெறும் விரலாலேயே தேய்த்துத் தள்ளிவிட்டார். மக்கி இளகிய இடமெல்லாம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. கெட்டியான கறுப்புக் கோடுகள் நரம்பு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றன.

"போச்சு. கத்துக்குட்டி வேலை" என்று கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்த மாமரத்துல கோடு விழுந்ததே இந்த ஒரு கட்டைதான். இனி பண்ணினாலும் அவ எங்க பாக்கப் போறா?"

அவர் அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததில்லை. "குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு போய் அக்கா மடியில் வைத்தேன். மாமா வாசற்படி தாண்டாமல் நின்றார்.

அக்கா கிண்ணத்தைச் சும்மா உருட்டினாள். சட்டென்று அவள் விரல் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்தது.

"இந்தா, இங்க வேலி போட்டிருக்கான். வளைஞ்சு போறான். ஐயோ, இங்க வந்து இன்னொருத்தன் முட்டறான்! அடேயப்பா, ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கலையே!"

கோட்டைப் பிடித்துக்கொண்டே கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தாள். அவர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இத்தனை வருஷமா இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தெனமும் சொன்னேனேம்மா" என்றார் மாமா, அழுதுகொண்டே.

"இன்னைக்குச் சொல்லுங்க" என்று அவள் தன் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.