உப்புக்கு விடாத கொல்லை

இடது கையால் தென்னங்குருத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கம்பியை மட்டை இடுக்கில் விட்டுத் திருகுகிறார் இன்னாசியம்மாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. "இங்கிட்டுத்தான ஒளிஞ்சிருக்க, வா வெளிய" என்கிறார் உள்ளே இருப்பதிடம். ஈரச் சக்கை உதிர்கிறது. அதன் பின்னால், கம்பியின் கொக்கியில் குத்துப்பட்டு, கட்டைவிரல் பருமனில், மூக்கில் ஒற்றைக் கொம்போடு வருகிறது காண்டாமிருக வண்டு. அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகுகிறார். குருத்தடியில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து இரண்டு பிடி போட்ட பிறகுதான் இரும்பு ஸ்டூலிலிருந்து இறங்குகிறார். ஒரு மரம் முடிந்தது. இன்னும் தொண்ணூற்றைந்து இருக்கிறது.

வயது ஐம்பத்திரண்டு. சேலைக்கு மேலே கணவர் குழந்தைசாமியின் பழைய காக்கிச் சட்டை. குழந்தைசாமி கட்டுமாவடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே ஓடும் மினி பஸ்ஸின் டிரைவர், சாந்தமான மனிதர். அவருக்கு வீட்டில் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். வண்டு பாட்டிலை டிவி பக்கத்தில் வைத்துவிடுவார் இந்த அம்மாள். "இதப் பாத்துக்கிட்டே எப்புடிச் சோறு திங்கிறது" என்பார் அவர். "அது நம்ம சோத்தைத்தான் திங்குது, அதையும் பாருங்க" என்று பதில் வரும்.

சுற்றுவட்டாரத்தில் யார் கொல்லையில் குருத்தோலை வண்டு கடித்து விசிறி வெட்டினாற்போல் விரிந்தாலும் இவருக்குத்தான் போன் வரும். டிவிஎஸ் எக்ஸெலில் ஸ்டூலைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூலி என்று எதுவும் கேட்பதில்லை. ஒரு டீ, சீனி தூக்கலாக. கூடவே அந்தக் கொல்லை வேலியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பழைய தென்னங்கட்டை ஒன்று கிடந்தால் போதும், கொல்லைக்காரர் தொலைந்தார். "இத எதுக்கு வச்சிருக்கீக, வண்டுக்குப் பிரசவ வார்டா?" என்று பிடித்துக்கொள்வார்.

பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. கஜா புயல் அடித்து விடிந்தபோது, அவர் அப்பா நட்டு வளர்த்த நூற்றுப் பத்து மரமும் மல்லாந்து கிடந்தன. கட்டைகளை வாங்க ஆளில்லை. கொளுத்த மனசு வரவில்லை. ஊரில் எல்லோரும் செய்ததையே இவரும் செய்தார்: இழுத்துப் போய் எல்லையோரம் வேலியாக அடுக்கினார். அடுத்த பருவத்தில் தொண்ணூறு பிள்ளை நட்டார். தென்னங்கன்றை அந்தப் பக்கம் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொன்றாகக் குருத்து அழுகிச் செத்தது. நாற்று விற்றவனைத் திட்டினார். பக்கத்துக் கொல்லைக்காரர் கண்ணைத் திட்டினார். அறுபத்தெட்டாவது பிள்ளை செத்த அன்று, அடுப்புக்காக வேலிக் கட்டை ஒன்றைப் புரட்டினார். உள்ளே விரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. அவ்வளவும் வண்டாகப் போகிற புழு. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். "மரத்தப் புயல் கொன்னுச்சு, பிள்ளைய நான் வளத்த புழு கொன்னுச்சு" என்று இன்றைக்கும் யாரிடமும் மறைக்காமல் சொல்வார். கட்டை முழுவதையும் கொளுத்திவிட்டு மறுபடி நட்டார். நெட்டை ரகம். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும்.

ஆறாவது வருஷம் இது.

ஒரே மகள் ஷர்லி நர்சிங் படித்துவிட்டு ஜப்பானில், ஃபுகுஷிமா பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே கன்னோ என்று எண்பத்தெட்டு வயது விவசாயி ஒருவர் இருக்கிறார். பூகம்பமும் சுனாமியும் வந்து அணு உலை வெடித்தபோது அவர் ஊரையே காலி செய்துவிட்டார்கள். ஆறு வருஷம் யாரும் திரும்ப முடியவில்லை. கதிர்வீச்சு படிந்த மேல்மண்ணை வயல் வயலாகச் சுரண்டி, கறுப்புப் பைகளில் கட்டி அடுக்கினார்களாம். வீடியோ காலில் இதைக் கேட்ட இன்னாசியம்மாளுக்குக் கதிர்வீச்சு மனசில் ஏறவில்லை. "மேமண்ண எடுத்துட்டா அப்பறம் என்னத்த வெளையும்?" என்றுதான் கேட்டார். ஷர்லி கேட்டுச் சொன்னாள்: வேறு மண் கொட்டினார்களாம், முதல் மூன்று வருஷம் பயிர் சோகை பிடித்தது போல நின்றதாம், பிறகு தேறிவிட்டதாம். இப்போது அவர் மகன் அங்கே நெல் போடுகிறார். சோதனை செய்துதான் விற்கிறார். சொல்லி முடித்துவிட்டு, ஷர்லியிடம் தென்னை பற்றிக் கேட்டறிந்திருந்த கன்னோ திருப்பிக் கேட்டார்: "உங்கள் மரம் காய்த்துவிட்டதா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி. "அந்தப் பெரியவருக்கு வேற பேச்சே கெடையாதா" என்று சலித்துக்கொள்வார் இன்னாசியம்மாள். ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் போனைக் கொல்லைக்குக் கொண்டுபோய், மரம் மரமாகக் காட்டாமல் இருக்கமாட்டார்.

குழந்தைசாமிக்குப் பொறுமை தீர்ந்தது போன கார்த்திகையில். இறால் பண்ணை வைத்திருக்கும் ரெங்கராஜ், இறால் குட்டை வெட்டக் கொல்லையை ஐந்து வருஷக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். "பக்கத்துல குட்டை ரகம் வச்சவன் எப்பவோ காய் வெட்டிட்டான். நீ வண்டு புடிச்சுக்கிட்டே இரு" என்றார் குழந்தைசாமி. "அஞ்சு வருசம் கழிச்சுத் திருப்பித் தந்துருவாப்ல."

"மண்ணாத் தருவாரா, உப்பளமாத் தருவாரா?" என்றார் இவர். "ஜப்பான்ல சுரண்டி எடுத்து வேற மண்ணு போட கவர்மெண்டு வந்துச்சு. நாமளே உப்பத் தண்ணிய விட்டுக் கெடுத்தா எவன் வந்து சுரண்டுவான்?"

பேச்சு முற்றி, கடைசியில் இவர்தான் வாக்குக் கொடுத்தார். பட்டா இவர் பேரில் இருக்கிறது. ஈஸ்டருக்குள் பாளை விடாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டாரே தவிர, தவக்காலம் நாற்பது நாளும் பயந்துகொண்டுதான் இருந்தார். டீயைக்கூட விட்டுவிட்டார். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்டக் கோயில்காரர்கள் வந்தபோது வழிமறித்து நின்றார். "ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. பனையில வெட்டிக்கங்க." சாமியார்வரைக்கும் புகார் போயிற்று. சாமியார் சிரித்துவிட்டுப் பனைக்குச் சொல்லி அனுப்பினார்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் இருக்க, பெரிய வியாழன் காலையில், கிணற்றோர மரத்தில் மட்டைக்கு நடுவே கத்தி உறை போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பாளை. தடவிப் பார்த்தார். ஓடிப் போய் அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். தொண்ணூற்றாறில் நாலு மரம். ஈஸ்டர் அன்று போனில் காட்டியபோது கன்னோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கை தட்டினார்.

குழந்தைசாமி தட்டவில்லை. "நாலு மரத்த வச்சு என்ன பண்றது புள்ள" என்றார். ரெங்கராஜை வரச் சொல்லியும் விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை இன்னாசியம்மாள் கொல்லைக்குப் போனபோது, போன வருஷம் வண்டுக்குப் பலியான ஒரு மரத்தின் இடத்தில் ரெங்கராஜின் ஆள் குழி தோண்டி முடித்திருந்தார். கீழே களிமண் இருக்கிறதா, தண்ணீர் நிற்குமா என்று பார்க்கவாம். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம். குழியோரம் குந்தியிருந்த ரெங்கராஜ் எழுந்து, "வாங்கக்கா, களி நல்லா இருக்கு" என்றார். குழந்தைசாமி கையில் குத்தகைக் காகிதம். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

இன்னாசியம்மாள் யாரோடும் வாதாடவில்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் சுற்றி வந்தார். "நல்ல கணக்காத்தான் தோண்டிருக்கீக" என்றவர் கிணற்றடிக்குப் போய், நிழலில் கிடந்த தென்னம்பிள்ளை ஒன்றைத் தூக்கி வந்தார். குழிக்குள் கொஞ்சம் மணலைத் தள்ளி, தானும் இறங்கி, அதை நடுவில் வைத்தார்.

"கையெழுத்துப் போட மாட்டியா?" என்று கேட்டார் குழந்தைசாமி.

"பாளை விடலைன்னாத்தான போடுறேன்னேன்."

குழந்தைசாமி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிணற்று மோட்டாரைப் போடப் போனார்.

பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "தம்பி, இத நேரா புடிங்க" என்றார் இன்னாசியம்மாள். ரெங்கராஜ் என்ன நினைத்தாரோ, பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக் குனிந்து பிடித்தார். அவருடைய ஆள் வெட்டிப் போட்டிருந்த மண்ணையே கையால் இழுத்துத் தள்ளி, அடித் தேங்காய் மூடும்வரை நிரப்பி, ரெங்கராஜின் விரல்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிகாலால் இறுக மிதித்தார் இன்னாசியம்மாள்.