ஆவாரம்பட்டை லாரிக்காரர்

ஆலங்காயம் காட்டுக் கேட்டில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, தோல் பதனிடும் கிடங்குக்கு ஆவாரம்பட்டை ஏற்ற ஒரு லாரிக்காரர் வருவார். மெலிந்த உடம்பு, பட்டைத் தூள் படிந்த புருவம்.

மேட்டில் லாரி பின்னால் உருண்டால், சக்கரத்துக்குக் கட்டை போடக் கிளீனர் வேண்டும். முதலாளி கிளீனரை நிறுத்திவிட்டார். ஆகவே இவர் கட்டையைக் கயிற்றில் கட்டி, பின்சக்கரத்துக்குப் பின்னால் இழுபட விட்டிருந்தார். காட்டுக்குள் நுழையுமுன் அந்தக் கயிறு, தண்ணீர்த் தகரம், மண்வெட்டி எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, போகும் பாதையைச் சொல்வார்.

மழை பெய்து வழுக்கிய ஒரு காலையிலும் வந்தார்.

"இன்னிக்கு ஓடைப் பாதை சார். பொழுதோட வந்துடுவேன்."

"வரலன்னா நான் இன்னாப்பா பண்ணுவேன்? அனுப்ப ஆளும் இல்ல, வண்டியும் இல்ல."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். எனக்கு முன்ன இத ஓட்டினவரு காட்டுக்குள்ள வண்டி உருண்டு செத்துட்டாரு. எந்தப் பாதையில போனாருன்னே யாருக்கும் தெரியல. தேடிப் புடிக்கறதுக்குள்ள நரி பூந்துடுச்சு. பொஞ்சாதிக்கு மொகத்தக்கூடக் காட்டல." சிரித்தார். "என் மொகம் பாக்கற மாதிரி இல்லதான். ஆனாலும் அவ கேப்பா இல்ல?"

"வேலைய வுட்டுடேன்."

"வுட்டா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து உங்களாண்ட பாதை சொல்லுவான்."

அன்று மாலை திரும்பிவிட்டார். எனக்கு மாற்றல் வரும்வரை ஒவ்வொரு முறையும் திரும்பினார்.

எனக்குப் பிறகு அங்கே யாரையும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். ஜன்னல் சாத்தியிருந்த முதல் காலையில், கட்டையையும் கயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் என்ன செய்திருப்பார்?