சென்னியம்மாளின் மண் தலை

கோயமுத்தூர் மில்லில் இன்று நூல் சுற்றுகிற தம்பிதுரையை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. அவிநாசிப் பக்கத்துப் பருத்திக்காட்டுப் பிள்ளை, என் சினேகிதன், சென்னைக்குப் போய்ச் சிற்பம் படித்தவன். மேற்படிப்பில் சேர வேண்டுமானால், உயிரோடிருக்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து அவர் தலையை அச்சு அசலாக வடித்துக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். 1936 சித்திரையில் மண் பிசைய ஊருக்கு வந்தான்.

யார் உட்காருவார்கள்? அளவெடுக்கும் கவராயத்தை நெற்றிக்குக் கொண்டுபோனதுமே எழுந்து ஓடினார்கள். உயிரோடிருப்பவனை அளப்பது குழிக்கு அளப்பது என்பது எங்கள் ஊர்ச் சாத்திரம்.

கடைசியில் அவன் அக்கா சென்னியம்மாள் உட்கார்ந்தாள். புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். “எனக்கென்ன கண்ணு, அளந்துக்க. செத்தா நிம்மதிதான்” என்றாள்.

மாட்டுக் கொட்டகையில் வேலை நடந்தது. போய்ப் பார்த்தேன். பேச வாயெடுத்து அடக்கிக்கொள்ளும் அவள் உதடு அப்படியே மண்ணில் இருந்தது. இனி அதன்மேல் காய்ந்தால் கல்லாக இறுகும் வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றி அச்செடுக்க வேண்டியதுதான். மாவு மூட்டை ரயிலில் வந்திருந்தது. இருவரும் வண்டி கட்டிக்கொண்டு போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போனோம்.

இரண்டு நாளில் திரும்புவதற்குள் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல். அவர்கள் மூத்த அண்ணன் காளிச்சாமி டாக்டரைக் கூட்டிவந்து கொயினா மாத்திரை கொடுத்திருந்தார். கூடவே மண் தலையைத் தூக்கிக் கிணற்றிலும் போட்டிருந்தார். பச்சை மண், கரைய எத்தனை நேரம்?

“அண்ணா, அது என்ற படிப்புங்க” என்றான் தம்பிதுரை.

“படிப்பு பெருசா, பொறந்தவ பெருசாடா?”

காய்ச்சல் இறங்கிவிட்டது. கொயினாவுக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. தலையைக் கரைத்ததால்தான் பிழைத்தாள் என்று ஊரே பேசியது. செத்திருந்தால் தம்பி கொலைகாரன். பிழைத்ததால் அண்ணன் கெட்டிக்காரர். என்ன நியாயமோ!

சேர்வதற்கு இன்னும் நாள் இருந்தது. அக்கா எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவளிடம் போனான். “இன்னொருக்கா உக்காருங்கக்கா. நீங்க ஒருத்தராச்சும் இதையெல்லாம் நம்பமாட்டீங்க.”

அவள் தலை குனிந்துகொண்டாள்.

“வேண்டாங் கண்ணு. அண்ணங்கிட்டச் சொல்லி அதைக் கரைக்க வெச்சதே நாந்தான். செத்தா நிம்மதின்னு பேசறது வேற. சாவு வந்து நின்னப்ப உசுரு மேல ஆசை வந்துபோட்டுது.”

அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான், இன்னும் கலங்கலாக இருந்தது. அவன் வாங்கிக் குடித்தான்.