மாப்பிள்ளை அணைக்காத மீன்தொட்டி விளக்கு

என் மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பாதியில் நின்ற பெட்டியிலிருந்து எத்தனையோ பேரை இறக்கிவிட்டவர், என் மகள் கண்ணை மூடிய பிறகு தான் மட்டும் நடுவிலேயே நின்றுவிட்டார். வேளைக்கு ஒரு வாய் பொங்கிப் போடலாம் என்று நான் அவர் வீட்டோடு வந்து சேர்ந்தேன்.

கூடத்தில் அவள் வைத்த மீன்தொட்டி. அதில் சுண்டுவிரல் அளவிலிருந்து அவள் வளர்த்த ஒற்றைத் தங்கமீன். மாப்பிள்ளை காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுவார். அது அவர் பங்கு. சாயங்காலம் தொட்டியின் மறு ஓரத்தில், அவள் நிற்கிற இடத்தில் நின்று, அவள் பங்கையும் போடுவார். விளக்கை அணைப்பதே இல்லை. கண்ணாடி பச்சையாகி, தண்ணீரும் பச்சையாகி, மீன் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உள்ளே எதிலோ இடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

விடிந்து பார்த்தால் பாசியில் ஓர் இடம் துடைத்த மாதிரி இருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு, விரல் தடத்தோடு.

"அவ வந்துட்டுப் போறா அத்தை" என்பார். நானும் அந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்ப்பேன்.

அந்த இடிக்கும் சத்தமும் குறைந்தபோது, மீன்கடைக்காரரை நானே போய்க் கூட்டிவந்தேன்.

"அது மீன் மேஞ்ச இடம்மா" என்றார். "ஒத்தை மீனுக்குக் கல்யாண விருந்து, கண்ணைக் கூசுற வெளிச்சம். மிச்சத் தீனியைத் தின்னு பாசிதான் கொழுக்குது. விளக்கை அணைச்சு, துணி போட்டு மூடுங்க. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. இப்படியே விட்டா மீன் தங்காது."

மேய்ந்த இடம் விரல் விரலாகவா இருக்கும்? கடைக்காரர் என்ன சொன்னாலும் அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாப்பிள்ளை சுவிட்சை மறைத்து நின்றார். "வெளிச்சம் இல்லாட்டி அவ எப்படி வருவா?"

"என் வயித்து இருட்டுலேர்ந்தே வழி கண்டுபிடிச்சு வந்தவ மாப்பிள்ளை, அவளுக்கு உங்க விளக்கு எதுக்கு? அவ வளர்த்ததைச் சாகடிச்சிட்டு அவ மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

தொட்டியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அவரே அணைத்தார்.

துணியை எடுத்த அன்று தண்ணீர் தெளிந்திருந்தது. மீன் இளைத்து, வெளிறி, உயிரோடு இருந்தது. அவர் நீட்டிய கைக்கு வரவில்லை. மறு ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. அங்கே ஆள் யாரும் இல்லை.

மாப்பிள்ளை சிட்டிகைத் தீனியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனி ஒரு வேளைதான் அத்தை. அதை நீங்களே போடுங்க."

அந்த ஓரத்தில் போய் நின்றேன். தோளோடு தோள் உரசுகிற மாதிரி ஒரு குளிர்ச்சி. கொஞ்சம் தள்ளி, இடம் விட்டு நின்று போட்டேன்.