கூக்காலில் கிடைத்த வெள்ளைப் பூண்டுத் தூள்

கூக்காலுக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஏரிதான் குறி. நான் முதன்முதலில் போனது அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். ஏரி இருப்பதே எனக்குத் தெரியாது. என் கம்பெனியைக் காப்பாற்றப் போனேன்.

அரசு ஆய்வுக்கூடம் ஒன்று பூண்டைத் தூளாக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தது. விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் கேட்டேன், கொடுத்தார்கள். மதுரையில் பார்த்துவந்த மில் வேலையை விட்டுவிட்டு அய்யம்பாளையத்தில் ஒரு கொட்டகை போட்டேன். முதல் தூள் பழுப்பாக வந்தது, அடுப்படி வாசனையோடு. 'பங்குனி முடிவதற்குள் சரியான மாதிரி வராவிட்டால் உரிமம் வேறொருவருக்கு' என்று கடிதம் வந்தது. உலர்த்தும் இயந்திரத்தை மூன்று முறை கழற்றி மாட்டினேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. மிச்சமிருந்தது பூண்டுதான். அதைத் தந்தவர் ஊருக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

வத்தலக்குண்டில் காலை ஆறு மணி பஸ். கொடைக்கானல் முப்பத்தைந்து மைல், கட்டணம் இரண்டே கால் ரூபாய், ஒன்பதரைக்கு இறங்கினேன். அங்கிருந்து உருளைக்கிழங்கு ஏற்றப்போகும் லாரியில் ஒரு ரூபாய்க்கு இடம் கிடைத்தது.

"கூக்காலுக்கா? அங்கிட்டு என்ன சார் சோலி?" என்றார் டிரைவர்.

"பூண்டு விஷயமா."

"பூண்டுதான் லாரியிலே கீழ வருதே, நீங்க எதுக்கு மேல போறீங்க?"

நியாயமான கேள்வி. இதை நான் தை மாதமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்குக் கூக்கால் பாதை பிரியும் இடத்தில் இறக்கிவிட்டார். மீதி நான்கு மைல் நடை. வெயில் சுள்ளென்று அடித்தது, நிழலில் நின்றால் பல் தந்தியடித்தது.

எனக்குப் பூண்டு அனுப்பியவர் பேச்சியம்மாள், என் வயதுக்காரி. வீட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. அடுப்புக்கு மேலே, பரணிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது, புகை குடித்துப் பழுப்பேறி.

"எனக்கு அனுப்பினது இதுதானா அக்கா?"

"பின்ன? கம்பெனிக்கு ஒசத்தியா வேணும்னீங்க. வெதைக்குனு ஆறு மாசம் பொகையிலே வச்சிருந்ததை எறக்கித் தந்தேன். ஊர்ல யாருக்கும் குடுக்க மாட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. புகை போட்ட பூண்டு கெடாது, அதனால் அதுதான் அங்கே முதல்தரம். ஆய்வுக்கூடம் சோதித்ததோ புகையே காணாத சமவெளிப் பூண்டு. இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

புகை போடாத பூண்டு வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது.

"பொகை போடலைன்னா இந்தப் பனியிலே அழுகிப் போகும். நீங்க லாரி அனுப்புறேன்னு சொல்லி, அது வராமக் கெடந்துச்சுன்னா? அடுத்த வெள்ளாமைக்கு வெதையும் போச்சு."

இதற்கு உரிமப் பத்திரத்தில் பதில் இல்லை. "புடுங்குற அன்னைக்கு நானே வர்றேன். தூள் தேறினாலும் தேறாட்டாலும் அத்தனையும் என்னோடது" என்றேன்.

"நெசமா?"

"நெசமா."

"அப்ப இன்னைக்கு இருபதாம் நாள் புடுங்குறோம், வெள்ளனே வந்துருங்க. பாதி வயல் உங்களுக்கு. மீதி என் பரணுக்கு."

போனேன். முந்தின நாளே போய்க் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டேன், அவ்வளவு பயம். பிடுங்கிய அன்றே மூட்டைகளோடு லாரியில் மலையிறங்கினேன். நான்காம் நாள் தூள் வெள்ளை வெளேரென்று வந்தது. கொட்டகையில் தனியாக நின்று கத்தினேன். மாதிரி தேறியது, உரிமம் நிலைத்தது, கம்பெனியும் பல வருடம் நன்றாக ஓடியது.

ஆய்வுக்கூடம் ஒரு படிவம் அனுப்பியது: செய்முறையில் திருத்தம் உண்டா, கண்டறிந்தவர் யார்? 'அறுவடையான உடன், புகை போடாத பூண்டு' என்று எழுதி, கீழே 'பேச்சியம்மாள், விவசாயி, கூக்கால்' என்று எழுதினேன். என்ன தகுதி என்று கேட்டு மறு கடிதம் வந்தது. மறுபடியும் 'விவசாயி' என்றே எழுதி அனுப்பினேன்.

போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். யாராவது உயர்ந்த பூண்டு என்று நீட்டினால், எதற்கு உயர்ந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.