எண்பதில் நின்ற முள்

அனஸ்ரேசியாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தேநீரைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பாள். பியோர்ண்டாலில் வீடு, ஒஸ்லோவின் அலுவலகங்களில் துப்புரவு வேலை எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம் அவளுடையது. தரை கழுவும் இயந்திரங்களை ஏற்றிச் செல்ல முப்பது வயதான ஒரு பிக்அப் வைத்திருந்தாள். பாரம் இழுப்பதில் அதற்குக் குறையில்லை. நெடுஞ்சாலையில்தான் தொல்லை. பாரத்துக்கென்றே அமைந்த கியர்கள். ஐந்தாவது கியரிலும் எண்பதைத் தாண்டினால் எஞ்சின் அலறும், நூறை நெருங்கினால் கதவுகள் நடுங்கும். பஸ்கள்கூட முந்திக்கொண்டு போயின. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சக்கரம் பெரிதானால் எஞ்சின் அவ்வளவு சுற்றத் தேவையில்லை என்று யாரோ சொல்ல, வசந்தத்தில் பெரிய டயர்கள் போட்டாள். ஏற்றங்களில் நாலாவது கியருக்கு இறங்க வேண்டிவந்தது. ஆனால் சமதரையில் வண்டி அமைதியாக ஓடியது. வேகமானியின் முள் எண்பதில் நிற்கும்போதே மற்ற வாகனங்களுக்குச் சமமாகப் போக முடிந்தது. அது எப்படி என்று அவள் யோசிக்கவில்லை.

ஜூனில் வேகக் கமரா எடுத்த படம் ஒன்று வந்தது. ஓட்டியவன் தக்சன், அவளிடம் நாலு வருடமாக வேலை செய்த சாரதி. எண்பது கிலோமீற்றர் எல்லை போட்ட வீதியில் தொண்ணூறு. முள் எண்பதைத் தாண்டவில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். மற்ற வேலையாட்கள் பார்த்திருக்க அவள் அவனைப் பொய்யன் என்றாள். அவன் வண்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான். சில கிழமைகளில் பொதி விநியோக நிறுவனமொன்று அவனை வேலைக்கு எடுக்குமுன் அவளிடம் அவனைப் பற்றி விசாரித்தது. கண்மண் தெரியாமல் ஓடுகிறவன் என்று சொன்னாள்.

செப்டெம்பரில் இரண்டாவது படம் வந்தது. அதில் இருந்தது அவளுடைய முகம். அதே தொண்ணூறு. அன்று முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

கடிதத்தைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கும் குசினிக்குமாக நடந்தாள். சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்றார் கணவர் அல்பேர்ட். அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கிவிட்டாள். டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அது மறுபடி நிலத்தைத் தொடும்வரை வண்டியை நகர்த்தி அளந்தாள். ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர் முப்பத்திரண்டு சதமமீற்றர். வண்டிக்கு அடியில் தொங்கிய மேலதிகச் சக்கரம் பழைய அளவு. அதைக் கழற்றி உருட்டினாள். இரண்டு மீற்றர் எட்டு சதமமீற்றர். முள்ளுக்குச் சுற்றுத்தான் தெரியும், தூரம் தெரியாது. பழைய சக்கரத்துக்கு எண்பது என்றால், இந்தச் சக்கரத்துக்கு அது ஏறக்குறைய தொண்ணூறு.

கையில் கறுப்புப் படிந்திருக்க அப்படியே தக்சன் இருக்கும் வெஸ்ட்லிக்கு ஓட்டினாள். வழி முழுக்க முள்ளை எழுபதுக்கு மேல் விடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

தக்சன் கதவைத் திறந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை.

“தம்பி, நீர் எண்பதிலைதான் ஓடினனீர். பிழை நான் போட்ட டயரிலை.”

 “அண்டைக்கே அளந்து பார்த்திருக்கலாம், அக்கா.”

“ஓம்.”

விநியோக நிறுவனத்தில் தன்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டான். அவள் ஒளிக்கவில்லை. அந்த வேலை தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது என்றான். அவள் வாசலிலேயே நின்று அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, தான் சொன்னது தவறு என்று, டயர் அளவுகளோடு சேர்த்து, நொர்வேஜிய மொழியில் விளக்கினாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, வேறு இடம் வந்தால் பார்க்கிறோம் என்றார்கள். திரும்பி வாரும் என்று தக்சனைக் கேட்டாள். அவன் மாட்டேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளை அதிகம் வருத்தியது.

அந்தக் கிழமையே பழைய அளவில் டயர்கள் மாற்றினாள். மற்ற வேலையாட்களைக் கூட்டி, தக்சன் சொன்னது உண்மை என்று சொன்னாள். எஞ்சின் மறுபடி அலறத் தொடங்கியது.

நவம்பரில் விநியோக நிறுவனம் தக்சனை எடுத்துக்கொண்டது. அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் அந்த நிறுவனத்தின் மஞ்சள் வான் வண்டி ஒன்று அவளை முந்திப் போனது. ஓட்டியவன் தக்சன். தலையை மட்டும் ஒருமுறை அசைத்தான். அவள் கையை உயர்த்துவதற்குள் வான் தூரத்துக்குப் போய்விட்டது.